இடக்கைக்காரரின் நாடு

அப்பா யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து. மெல்பேர்னில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டும் தொழிற்சாலையில் ஓர் ஆள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த எத்தனையோ பேருக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. அங்கே படித்த சட்டம் இங்கே செல்லாது, வேண்டுமென்றால் திரும்பவும் முதலிலிருந்து படி என்றார்கள். படிக்கப் போனால் வீட்டு வாடகையை யார் கட்டுவது? அவர் படிக்கவில்லை. ஆனால் வாதாடிப் பழகிய வாய் சும்மா கிடக்குமா? எங்கள் சாப்பாட்டு மேசையை அவர் கோர்ட் ஆக்கிவிட்டார்.

பகிடிக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகலாமா, தலைமயிரை வெட்டலாமா, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாமா, எல்லாமே வழக்கு. அம்மா ஒரு பக்கம், ஒரே பிள்ளையான நான் மற்றப் பக்கம். நடுவில் இருந்த கதிரையில் அப்பா, நீதவான். "சாட்சியம் இல்லாமல் ஒருத்தரும் என்ர முன்னால வரப்படாது" என்பார். அழுதால் வழக்குத் தள்ளுபடி. வீட்டுக்கு வருகிற அங்கிள்மாரும் அன்ரிமாரும் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிள்ளையை எவ்வளவு கெட்டித்தனமாக வளர்க்கிறார் என்று மெச்சுவார்கள். மெச்சிவிட்டு அவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான்தான் அந்த வீட்டில் இருக்க வேண்டியிருந்தது.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. அம்மாவுக்கு அது பெரிய விசாரம். "அது கழுவுற கை. நாளைக்கு ஒரு வீட்டில போய் அந்தக் கையாலயோ சோறு போடப் போறாய்?" என்று கேட்பா. நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலேயே அவ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தா. சாப்பிட இருக்கும்போது இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருக்க வேண்டும். சாப்பாடு முடிந்து எழும்பும்போது கை விறைத்துப்போய் இருக்கும். பள்ளிக்கூடத்தில் எந்தக் கையால் எழுதினாலும் கேட்பாரில்லை. வீட்டுப்பாடம் மட்டும் அம்மாவின் கண் முன்னால் வலக்கையால். ஒரே கொப்பியில் இரண்டு பிள்ளைகள் எழுதியதுபோல் இருக்கும் என் எழுத்து.

உயர்நிலைப் பள்ளிக்கூடத்தின் முதல் வருடத்தில் ஸ்பிரிங்வேலில் இருந்து வந்த ஒரு வியட்நாமியத் தோழி எனக்கு ஒரு படக்கதையை இரவல் தந்தாள். ஜப்பானில் தொடராக வந்துகொண்டிருந்த கதை, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புத்தகம் புத்தகமாக விற்றார்கள். ஒரு நாட்டின் ஆறுகளெல்லாம் மனிதரோடு கோபித்துக்கொண்டு வானத்துக்கு ஏறிவிடுகின்றன. நாடு காய்ந்துபோகிறது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட இளவரசன் ஒருவன் ஒவ்வொரு ஆறாகத் தேடிப் போய், அதைக் காவல் காக்கும் பூதத்தோடு பொருதி, ஆற்றின் பெயரைத் தூரிகையால் காற்றில் எழுதி அதைக் கீழே இறக்குகிறான். கதை நல்ல கதைதான். ஆனால் என் மூச்சை நிறுத்தியது கதை அல்ல.

அவன் எழுதியது இடக்கையால். வாள் பிடித்தது இடக்கையால். அவன் மட்டுமல்ல. அரசன், மந்திரி, படகோட்டி, சந்தையில் மீன் வெட்டுகிற மனுசி, எல்லோருக்கும் இடக்கை. ஒரு பக்கத்தில் அரசனுக்கு முன்னால் பெரிய விருந்து, நூறு பேர் மரியாதையாக மண்டியிட்டு இருந்து இடக்கையால் குச்சி பிடித்துச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாடு முழுக்க என் கை. எனக்கு அழுகை வந்தது.

அழுதால் வழக்குத் தள்ளுபடி அல்லவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்குப் போட்டேன். இந்தக் கையை நான் வீட்டிலும் பாவிக்க வேண்டும், சாட்சி இதோ, என்று புத்தகத்தை மேசையில் வைத்தேன்.

"வேலிக்கு ஓணான் சாட்சியாம்! பொம்மைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திட்டா" என்றா அம்மா.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விருந்துப் பக்கத்தைக் கன நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "இஞ்சேரும், கதையெண்டாலும் கீறினவன் தன்ர சனத்தைப் பாத்துத்தான் கீறியிருப்பான். ஜப்பான்காரர் மரியாதை தெரிஞ்ச சனம். குனிஞ்சு வணக்கம் சொல்லுற சனம். அதுகள் ராசாவுக்கு முன்னால இடக்கையால சாப்பிடுதுகள் எண்டால், அது அசிங்கம் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது."

"முழுச் சனமுமோ இடக்கை?" என்று அம்மா கேட்டா. நல்ல கேள்விதான். கோர்ட்டில் அதற்கு மதிப்பு இருக்கவில்லை.

"அப்ப அது அவையின்ர வழக்கம்" என்றார் நீதவான். தீர்ப்பும் சொன்னார். கோவிலிலும் சபையிலும் வலக்கை. வீட்டுக்குள் என் விருப்பம்.

அடுத்த நாள் சோற்றையும் பருப்பையும் இடக்கையால் குழைத்துச் சாப்பிட்டேன். விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, யாரும் பழக்க வேண்டியிருக்கவில்லை. படம் கீறத் தொடங்கினேன். என் எழுத்து ஒரே எழுத்தானது. அடுத்த ஒரு வருடத்துக்கும் மேலாக நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் வயிறெரிகிறது. அந்தக் கதையை எழுதியவருடைய மொழியையே படிக்க வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய வகுப்பிலும் சேர்ந்தேன்.

அதற்குள் அந்தப் படக்கதையைத் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்திருந்தார்கள். திரைக்குக் கீழே ஆங்கில எழுத்தோடு இங்கேயும் ஒளிபரப்பினார்கள். நானே அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இளவரசன் முதல் காட்சியிலேயே வாளை உருவினான். வலக்கையால்.

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தா. மீன் வெட்டுகிற மனுசியும் வந்தா. அவவுக்கும் வலக்கை.

"அது ரீவிக்காரர் பிழையா எடுத்திட்டினம், அப்பா. புத்தகம்தான் சரி" என்றேன். தொலைக்காட்சியில் எத்தனையோ மாற்றியிருந்தார்கள்தான். பூதங்களின் நிறம் வேறு, அரசனைச் சாகவிடாமல் வைத்திருந்தார்கள், கடைசி ஆற்றின் கதையே இல்லை.

"அப்ப மூலத்தைக் கொண்டு வா" என்றார் அப்பா. "ஜப்பான் புத்தகத்தைப் பாத்தால் தெரியும்தானே. அதுவரைக்கும் வழக்கு ஒத்திவைப்பு."

ஜப்பானிய வகுப்பு ஆசிரியை அங்கே சில வருடம் இருந்துவிட்டு வந்த வெள்ளைக்காரி. அவவிடம் அந்தத் தொடரின் மூலப் புத்தகங்கள் இருந்தன. என் ஆங்கிலப் புத்தகத்தையும் அவவுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினா. ஜப்பானியப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வாசிக்கிற புத்தகம். இங்கேயுள்ளவர்களுக்கு அது பழக்கமில்லை என்று, பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சடித்துவிட்டார்கள். அப்போது வலக்கையெல்லாம் இடக்கையாகிவிடும். எவ்வளவு சுவாரசியமான விசயம் என்று அவ சிரித்தா. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்த நாட்டில் ஓர் இடக்கைக்காரன்கூட இருக்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று யாரோ செய்த வேலையில்தான் என் கைக்கு ஒரு நாடு கிடைத்திருந்தது.

மூலப் புத்தகம் கிடைக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. ஆனால் நான் அப்புக்காத்தின் மகள் அல்லவா? இரண்டு புத்தகத்தையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அதுவரையில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சாட்சி தோற்றாலும் அப்பா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். இடக்கையால் சாப்பிடுகிற என் முகத்தை அவர் ஒரு வருடமாகப் பார்த்தவர்தானே.

அப்பா இரண்டு விருந்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. "எதிராளிக்குச் சாதகமான சாட்சியத்தையும் மறைக்காமல் கொண்டு வந்திருக்கிறாய். என்ர பிள்ளை. நீ நல்ல அப்புக்காத்தா வருவாய்" என்றார். அதே மூச்சில், "முந்தின தீர்ப்பு பிழையான சாட்சியத்தில குடுத்தது. அது இனிச் செல்லாது" என்றும் சொன்னார்.

அவர் நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அம்மா சோறு போட்டா. யாரும் சொல்லாமலே இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்தேன்.

வென்றவ அம்மா. ஆனால் இரண்டு மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவவால் தாங்க முடியவில்லை. குசினிக்குள் கூப்பிட்டு, இடக்கையில் கத்தியைத் தந்து, "வெங்காயத்தை வெட்டு. இஞ்சை ஆர் பாக்கப் போகினம்" என்றா. நான் கத்தியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன். எனக்கு ரோசம். அவ தந்தது பிச்சை என்று நினைத்தேன். தீர்ப்புக் கேட்டவளுக்குப் பிச்சை எதற்கு?

அப்பாவுக்கு அந்த வழக்கு வாழ்நாள் சாதனை ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார். டாண்டினோங்கில் கலியாண வீட்டில் சொன்னார், த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோவிலில் அன்னதான வரிசையில் நின்றும் சொன்னார். தனக்கு எதிராகத் தானே சாட்சி கொண்டுவந்த பிள்ளை! கேட்டவர்கள் எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நான் அப்புக்காத்தாக வரவில்லை. பல் வைத்தியம் படித்தேன். முதல் செய்முறை வகுப்பில், இடக்கைக்காரர் இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்குக் கதிரையையும் கருவித் தட்டையும் மாற்றி வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வலக்கையால் செய்து முதல் தவணை முழுக்க ஏச்சு வாங்கினேன்.

அந்தக் கதையை மட்டும் விடவில்லை. உண்மையான நடிகர்களை வைத்துத் திரைப்படமாக எடுத்தார்கள். நகரத்தில் காட்டிய அன்றே போனேன். எங்காவது, ஏதாவது ஒரு பதிப்பில், அவன் இடக்கையால் எழுதிவிடமாட்டானா என்று தேடினேன். அந்தப் படத்தில் ஒரு காட்சி இருந்தது. வலக்கையில் காயம்பட்ட இளவரசன் இடக்கையால் சாப்பிடுகிறான். சோறு சிந்துகிறது, மூக்கில் ஒட்டுகிறது. அரங்கம் முழுக்கச் சிரித்தது. நான் இடையில் எழும்பி வெளியே வந்துவிட்டேன். பிறகு புத்தகங்களையும் மூலத்தில் உள்ளபடியே, வலமிருந்து இடமாக, புதிதாக அச்சிட்டு விற்றார்கள். கடையில் ஒன்றை எடுத்து விருந்துப் பக்கத்தைப் பார்த்தேன். நூறு வலக்கை. இப்போதுதான் சரியான பதிப்பு வந்திருக்கிறது என்று பக்கத்தில் நின்ற பெடியன் தன் கூட்டாளியிடம் சந்தோசமாகச் சொன்னான்.

கடைசியாக இந்த வழக்கு மேசைக்கு வந்தது அப்பா வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு. நான் தனி வீடு போய்விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போனபோது சிட்னியில் இருந்து சொந்தக்காரர் வந்திருந்தார்கள். அப்பா வழக்கம்போல் வழக்கைச் சொன்னார். அவர்கள் வழக்கம்போல் மெச்சினார்கள். அவர்கள் போன பிறகு எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அண்டைக்கு ஏன் எனக்கு எதிராத் தீர்ப்புச் சொன்னனீங்கள்?"

அவர் தட்டில் மிஞ்சியிருந்த வடையைப் பிய்த்தார். ஆள் உற்சாகமாகிவிட்டார். "நீ விட்ட பிழை உனக்கு இன்னும் விளங்கேல்லையோ, பிள்ளை? முதல் நாளிலயிருந்து நீ ஜப்பான்காரன்ர கையைப் பற்றித்தான் வாதாடினாய். ஒரு தரமாவது, இது என்ர கை, நான் இப்பிடித்தான் எண்டு சொன்னியே? சொல்லியிருந்தால் வேற சாட்சியே தேவையில்லை. கடைசி நாளும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், இப்ப சொல்லுவாய், இப்ப சொல்லுவாய் எண்டு. நீ தலையைக் குனிஞ்சிட்டாய். கேக்காத நிவாரணத்தை நீதவான் எப்பிடிக் குடுக்கிறது?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, ஒரு சிறு பிள்ளை சரியான சொல்லைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அவருக்காகக் காத்திருந்தேன், அவர் எனக்காகக் காத்திருந்தார், நடுவில் சோறு ஆறிப்போனது.

"நீதவான் இருந்தவர், சரி" என்றேன். "என்ர அப்பா எங்க போனவர்?"

அம்மா குசினி வாசலில் வந்து நின்றா. அப்பாவின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. பிய்த்த வடையைத் தட்டிலேயே வைத்தார். ஏதாவது சொல்லுவார், இந்த முறையாவது சொல்லுவார் என்று நின்றேன்.

"அது இந்த வழக்கில வராத கேள்வி" என்றார்.

அம்மாவிடம் மட்டும் போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.