சத்தமில்லாத காரும் முனியாண்டியின் குரலும்

மலேசியாவின் சிரம்பானில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஏழரை மணி. எதிரே மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடையில் பரோட்டா மாதிரி இரண்டு ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய டீயான தே தாரிக் ஒன்று, மொத்தம் ஆறு ரிங்கிட்; இங்கே வெள்ளி என்பார்கள். அங்கிருந்து நான் போகவேண்டிய, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். வாடகைக் காருக்கு முப்பது வெள்ளி கொடுத்தேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கார்ப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். மின்சாரக் காருக்கெல்லாம் ஒரு பந்தயமா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கிளம்பினேன். தரணி கூப்பிடாவிட்டால் வந்திருக்கவே மாட்டேன்.

தரணி சென்ற ஆண்டு எங்கள் ஊருக்குப் பெட்ரோல் கார் ஓட்ட வந்து, ஒரு வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பெண். இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கும் மின்சாரக் கார்த் தொடரில் ஓட்டுகிறாள். அதன் முதல் பருவத்தின் கடைசிப் பந்தயம் அன்று மதியம், செண்டாயான் தொழிற்பேட்டைச் சாலைகளில். அவள் வீட்டார் நேரில் பார்க்கும் முதல் மின்சாரப் பந்தயமும் அதுதான். முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் கார் என்று அணி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் பழையபடி சுங்கை காடுட் தொழிற்சாலை வேலைதான்.

அவள் அப்பா முனியாண்டி, அந்தத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். வாசலிலேயே என் பையைப் பிடுங்கிக்கொண்டார். அவர் மனைவி செல்விக்கு நான் கடையில் சாப்பிட்டு வந்தது பெருங்குற்றம். நான்கு இட்லியை உள்ளே தள்ளிய பிறகுதான் என்னோடு முகம் கொடுத்துப் பேசினார். இப்படி அதட்டி உபசரிக்கும் வீடு வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்குத் தோட்டத்து ஆட்கள் பேருந்தில் கிளம்பினோம். உருமி மேளக்காரர்களும் கூடவே. ஆனால் பந்தய இடத்து வாசலில் காவலர்கள் மேளத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கார்கள் ஓசையில்லாமல் வருமாம். சாலையோரம் நிற்கும் பணியாளர்களுக்குக் கார் வருவதை எச்சரிக்கும் விசில் சத்தம் கேட்டாக வேண்டுமாம். கார்ப் பந்தயத்தில் சத்தம் போடாதே என்கிறார்கள், எங்கே போய்ச் சொல்ல?

“பரவால லா அண்ணே, தொண்ட இருக்குல்ல,” என்றார் முனியாண்டி.

கார்கள் மிக மெதுவாகத் திரும்பும் கொண்டை ஊசி வளைவில், கம்பி வேலியை ஒட்டி நின்றோம். இரண்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. மிக்சி ஓடுவது போல ஒரு முனகல், டயர் தேயும் ஓசை, அவ்வளவுதான். தரணி ஆவேசமாக ஓட்டி ஒன்பதாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் வளைவுக்கு வரும்போது முனியாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: “மெல்ல போம்மா! மெல்ல!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தயத்தில் ஓடுகிறவளிடம் சொல்கிற சொல்லா இது? கேட்டேவிட்டேன்.

“ஆறு வருஷமா இதான் கத்துறேன். பெத்த புள்ளைய வேகமா போன்னு எப்படி அண்ணே சொல்றது?”

கொஞ்ச நேரத்தில் தரணியின் வேகம் தணிந்தது. மூன்று பேர் அவளை முந்தினார்கள். ஆறாவது இடம். எல்லாம் போச்சு என்று மனத்துக்குள் முனியாண்டியைத் திட்டினேன். ஆனால் கடைசி இரண்டு சுற்றுகளில் முன்னால் போனவர்களில் இரண்டு கார்கள் சோர்ந்துபோயின. விடாமல் மிதித்தால் பேட்டரி சூடேறி, கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று ஒலிபெருக்கியில் விளக்கினார்கள். தரணி இருவரையும் தாண்டி நான்காவதாக வந்தாள்.

பந்தயம் முடிந்து வேர்த்து விறுவிறுத்து வேலியோரம் வந்தவள், நேராக அப்பாவிடம் போனாள்.

“இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காம, ஆறு வருஷமா நீங்க வேகமா போன்னு கத்துறீங்கன்னுல்ல நெனச்சேன். ரேடியோவுல இன்ஜினியரும் மெல்ல போன்னுதான் சொன்னாரு, நான் கேக்கல. ஒங்க சத்தம் கேட்டுத்தான் கால எடுத்தேம்பா.”

“கேட்டுச்சா?” என்றார் முனியாண்டி. வேலி இடுக்கில் விரலை நுழைத்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். வாசலில் மேளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடித்து முடித்துப் பேருந்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை முனியாண்டி தன் லாரியிலேயே என்னை ரயில் நிலையம் கொண்டுவந்து விட்டார். செல்வி கட்டிக் கொடுத்த புளிச்சாதம் மடியில் சூடாக இருந்தது. எங்கள் ஊர்ப் பந்தயங்களை நினைத்துக்கொண்டேன். அந்த இரைச்சலில் எத்தனை அப்பாக்கள் என்னென்ன கத்தியிருப்பார்களோ. காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த எனக்கு என்ன தெரியும்? இந்த வயதில் இதைக் காட்டி அனுப்பிய குடும்பத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

கதவுகள் மூடி ரயில் நகர்ந்தது. நடைமேடையில் முனியாண்டி கையை உயர்த்தி ஏதோ கத்தினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும்.