சோடா மெஷினுக்குள் ஒரு அடைக்கோழி

மக்களே, என் பழைய சோடா மெஷினுக்குப் பொருந்துகிற மோட்டாரை இன்று வேதாரண்யத்தில் கண்டுபிடித்தேவிட்டேன்!

காசு போட்டால் பாட்டில் தள்ளுகிற மெஷின் அது. வெள்ளிக்கிழமை அக்கா கல்யாணத்தில் ஓடவிடுவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். மோட்டார்தான் எரிந்து கிடந்தது.

ஹமீது பாய் கடைக்குப் பின்னால் அதே கம்பெனி மெஷின் ஒன்று சும்மா நின்றது. சின்ன மாடல்தான். ஆனால் பின்மூடியைக் கழற்றி அளந்தால், மோட்டாரின் போல்ட் ஓட்டைகள் எல்லாம் அச்சாக என்னுடையது மாதிரியே.

ஸ்பேனரை வைத்ததும் உள்ளே ஏதோ உறுமியது.

பாயின் மனைவி ஓடி வந்தார். "தம்பி, கோழி அடை உக்காந்திருக்குப்பா. ஆட்டுனா எந்திரிச்சுப் போயிரும், முட்டையெல்லாம் வீணாயிரும்."

"எங்க அக்கா கல்யாணம் பாயம்மா."

"நான் வேணாங்கல. அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க."

குனிந்து பார்த்தேன். பாட்டில் விழுகிற வாய் வழியாக நுழைந்து, அடித்தட்டின் இருட்டு மூலையில் இருந்தது கோழி. அது சிறகைச் சிலிர்த்துக்கொண்டு இன்னும் அழுந்தி உட்கார்ந்தது. சத்தமில்லாமல் மூடியை மாட்டினேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"குஞ்சு பொரிக்கட்டும்டா லூசு. நீ பின்னாடி நின்னு கையால தள்ளிவிடு."

அதனால் வெள்ளிக்கிழமை எல்லோரும் வாங்க. காசு போடுங்க, பாட்டில் கட்டாயம் வரும். பின்பக்கம் மட்டும் யாரும் எட்டிப் பார்க்காதீங்க.