ஒரு பக்கத்துப் பச்சை விளக்கு

‘இருசக்கர வாகனங்களின் மின்னமைப்பில் ஏற்படும் கோளாறுகளை ஆய்ந்து, மூலகாரணம் கண்டறிந்து, தாமாகவே நிவர்த்தி செய்யும் தகுதி பெற்றவர்’ என்று திருப்பதியில் நடந்த ஒரு திறன் பயிற்சி முகாம் நரசிம்மனைப் பற்றிச் சான்றளித்திருந்தது. தெலுங்கில் இருந்த அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, புத்தலப்பட்டு ரோட்டோரத்துத் தன் கடையில், ஊதுபத்திப் புகை படும் உயரத்தில் மாட்டியிருந்தார். மூலகாரணம் என்பதை அவர் அதற்கு முன்பும் சந்தித்ததில்லை, பின்பும் சந்திக்கவில்லை.

முகாமிலிருந்து திரும்பியதும் பல்புகள்மேல் அவருக்கு இளக்காரம் வந்துவிட்டது. யார் வண்டி வந்தாலும், என்ன குறை என்று கேட்குமுன் மீட்டர் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் சின்ன பல்புகளைப் பிடுங்கிவிட்டு எல்இடி செருகுவார். “பல்பு படிக்காதவன் போடறது. எல்இடி சயின்ஸு” என்பார். பிடுங்கிய பல்புகள் எதிரே உள்ள கால்வாய்க்குப் போகும். அறிவியலுக்கு அவர் ஆற்றிய தொண்டு அதுதான்.

சுலோசனா சித்தூர் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அண்ணன் விட்டுப்போன பழைய பைக்கில் போய்வருபவள். ஒருமுறை வலப்பக்க இண்டிகேட்டரை அணைக்க மறந்து நேரே போனாள். திரும்பப்போகிறாள் என்று நம்பிய லாரி இடப்பக்கமாக ஏறி, கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. அதிலிருந்து மீட்டரில் இண்டிகேட்டருக்கு எரியும் பச்சை விளக்கைப் பார்க்காமல் அவள் ஹைவேயில் எதுவும் செய்வதில்லை. அந்த விளக்கு மங்கியதால்தான் நரசிம்மனிடம் வந்தாள். எல்இடி ஏறியது.

மறுநாளே திரும்பி வந்தாள். “அண்ணா, லெப்ட்டுக்கு எரியுது. ரைட்டுக்கு எரியல.”

நரசிம்மன் எல்இடியைப் பிடுங்கி, பக்கம் மாற்றிச் செருகினார். வலப்பக்கம் எரிந்தது. “இப்ப பாரு.”

பார்த்துக்கொண்டே போனவள் அடுத்த நாள் மறுபடி வந்தாள். இப்போது இடப்பக்கம் எரியவில்லை.

“நேத்து ரைட்டு கேட்ட, குடுத்தேன். இன்னிக்கி லெப்ட்டு கேக்கற. ஒரு முடிவுக்கு வாம்மா.”

அந்த வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு. இடது போட்டால் மின்சாரம் ஒரு முனையில் வரும், வலது போட்டால் மறு முனையில். பல்பு எந்தப் பக்கம் வந்தாலும் எரியும். எல்இடி ஒரு பக்கம்தான் வழிவிடும். முகாமில் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நரசிம்மன் அப்போது விழித்திருக்கவில்லை என்பதற்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை.

பக்கத்து டீக்கடையிலிருந்து கங்கையா குரல் கொடுத்தார். “இன்னா நரசிம்மா, உன் சயின்ஸு ஒரு பக்கம்தான் படிச்சிக்கினு வந்துதா?”

“பழையபடி பல்பே போட்டுடுண்ணா,” என்றாள் சுலோசனா. “ரெண்டு பக்கமும் எரிஞ்சிக்கினுதான இருந்துது. அது இல்லாம ரோட்ல திரும்பவே பயமா கீது.”

போட்டால் எரியும் என்பது நரசிம்மனுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கங்கையா பார்த்துக்கொண்டிருக்க, தன் கையால் ஒரு பல்பா? லாரி உரசியதெல்லாம் ஒரு விபத்தா, கங்கையா சிரிப்பதல்லவா விபத்து.

“நீ எங்கம்மா ரைட்டு எடுக்கற?”

“பெட்ரோல் பங்காண்ட. ஊருக்குத் திரும்ப.”

“அங்க எதுக்கு எடுக்கற? நேரா போ, பாலம் வரும். தாண்டினதும் லெப்ட்டு எடு. மறுபடி லெப்ட்டு. இன்னொரு லெப்ட்டு. பாலத்துக்கு அடியில பூந்தா நேரா உங்க ஊரு. மூணு லெப்ட்டு போட்டா ஒரு ரைட்டும்மா.”

“டூட்டி முடிச்சி வர்றவ மழையில ஊரச் சுத்திக்கினு போவணுமா?”

“சேஃப்டின்னா சும்மாவா.”

கங்கையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நரசிம்மன் எல்இடியை இடப்பக்கத்துக்கு எரியும்படி திருப்பிச் செருகி, மீட்டர் மூடியை முடுக்கி, வலப்பக்கம் திரும்பத் தேவையில்லாத வழியில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.