லிட்டருக்குப் பதினாறு

அவனுடைய காலைப் பற்றி டாக்ஸி ஷெட்டில் யாரைக் கேட்டாலும் புகழ்வார்கள். கையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆக்ஸிலரேட்டரை அவன் மிதிப்பதில்லை, தொட்டுத் தடவுவான் என்பதால் பூங்கால் என்று பேர் வைத்திருந்தார்கள். அதே ஆள்தான் முன்பு லாரி ஓட்டிய இடத்தில், வண்டி நிறுத்தும் தகராறில் ஒருவன் தாடையை உடைத்துவிட்டு வேலையைத் தொலைத்தவன். அதற்கும் முன்னால் ஒரு சலூனின் கண்ணாடி, சொந்தச் சித்தப்பாவின் மூக்கு. பெல்ட்டால் அடித்தே வளர்த்த அப்பனுக்குப் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான் என்று சிலர் பரிந்து பேசுவதுண்டு. எனக்கு அந்தப் பரிவெல்லாம் கிடையாது. அடி எப்படி வலிக்கும் என்று தெரிந்தே அடிக்கிறவனுக்கு என்ன பரிவு வேண்டிக்கிடக்கிறது?

தாடை உடைந்த அன்று அவன் மனைவி கத்தவில்லை. ரத்தம் பட்ட சட்டையை ஊறப் போட்டுவிட்டு வந்து, "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சீங்கன்னா, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்," என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். நான்கு வருஷம் கையை அடக்கிக்கொண்டு இருந்தான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

டாக்ஸி வேலைக்கு வந்து எட்டு மாதம். ஓட்டியது ஹைபிரிட் கார்: பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியும் உண்டு. மெல்லக் கிளப்பினால் எஞ்சின் தூங்கும், பேட்டரி இழுத்துக்கொண்டு போகும். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து மெதுவாகப் பிரேக் பிடித்தால், ஓடிய ஓட்டமே மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பும். வெயில் காலத்தில் அவன் ஷிப்டில் லிட்டருக்கு இருபத்து நாலு கிலோமீட்டர் என்று ஸ்டியரிங் பக்கத்துத் திரை காட்டும். மேனேஜர் ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் டேங்கை நிரப்பிப் பார்த்து, அந்த எண்ணைச் சுவரில் கரும்பலகையில் எழுதுவார். இருபதுக்குக் கீழே போனால் டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்பது அவருடைய அசையாத முடிவு. பூங்கால் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய குளிர்காலத்தில் இரண்டு டிரைவர்களை மேனேஜரின் ஆட்கள் வாஷிங் ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்களாம். அதில் ஒருவனுக்கு இன்றுவரை இடது காது கேட்காது.

அதே காரைக் காலை ஷிப்டில் ஓட்டியவன் அவன் மச்சினன். அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன், வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். விடிந்ததும் நோயாளிகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், அரை மணி காத்திருப்பு, மறுபடி இரண்டு கிலோமீட்டர். பூங்காலுக்கு மத்தியானத்துக்கு மேல் நீளமான சவாரிகள்.

குளிர் வந்தது. காலை ஷிப்டின் எண் இருபத்தொன்று, பத்தொன்பது, பதினாறு என்று இறங்கியது. பூங்காலின் இருபத்து நாலுகூட இருபத்திரண்டானது. அதற்கும் சின்னவனைத்தான் திட்டினான், வண்டியைக் கெடுத்து வைக்கிறான் என்று.

மேனேஜர் பூங்காலைக் கூப்பிட்டார். "உன் வீட்டு ஆளு. நீ விசாரிக்கிறியா, நான் விசாரிக்கட்டுமா?"

மத்தியானம் ஷிப்ட் மாறும்போது பூங்கால் சின்னவனிடம் காரை வாஷிங் ஷெட்டுக்குள் விடச் சொல்லி, டிக்கியைத் திறந்தான். உள்ளே இரண்டு முழம் ரப்பர் குழாய்.

"இது எதுக்குடா?"

"கண்ணாடியில பனி உறைஞ்சிடுது மாமா. பைப்புல மாட்டித் தண்ணி விட்டாத்தான் போகுது."

முதல் அடி வாயில் விழுந்தது. சின்னவன் உதட்டைப் பொத்திக்கொண்டான், விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

"பெட்ரோல் எங்கடா போகுது?"

"எஞ்சின் நிக்கவே மாட்டேங்குது மாமா. குளிரு. ஹீட்டர் போட்டா..."

"குளிரா? எனக்கே கதை சொல்றியா?" முட்டியால் வயிற்றில் இடித்தான். சோப்புத் தண்ணீரில் சுருண்டு விழுந்தவனின் விலாவில் உதைத்தான். பூப்போல மிதிக்கிற அதே கால்தான். சின்னவன் எழுந்திருக்க டிக்கியின் விளிம்பைப் பிடித்தான். பூங்கால் டிக்கிக் கதவை ஓங்கி அறைந்து சாத்தினான். மணிக்கட்டு உடைந்த சத்தமும் அலறலும் வெளியே ஷெட் முழுக்கக் கேட்டன. கதவைத் தூக்கினான். கை இன்னும் அங்கேயே இருந்தது. மறுபடியும் சாத்தினான்.

முதல் தடவை சாத்தியதை ஆத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஒரு வார்த்தைதான் பேசினாள். "சொன்னேன்ல," என்றாள். அங்கிருந்தே தம்பியின் வாடகை அறைக்குப் போய்விட்டாள். திருட்டை அவளிடம் நிரூபித்துவிட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று பூங்கால் நம்பினான். காலை ஷிப்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். தன் காலுக்கு இருபத்து நாலு வந்தால் போதும், சின்னவன் திருடன் என்பது உறுதி.

மூன்று நாள் ஓட்டினான். எஞ்சின் நிற்கவே இல்லை. கிளினிக் வாசலில் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே இருந்தது. அது தன்னைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், ஹீட்டருக்கும் சூடு தர வேண்டும். சூடேறுவதற்குள் சவாரி முடிந்துவிடும், பிறகு எல்லாம் முதலிலிருந்து. விறைத்துப்போன பேட்டரி பாதி மின்சாரத்தை வாங்கவே மறுத்தது. எதிர்காற்றும் மழையும் சேர்ந்த இரண்டாம் நாளில் பதினைந்து. மூன்றாம் நாள் ஹீட்டரை நிறுத்திப் பார்த்தான். பின்சீட்டுக் கிழவர் பல் கிட்டிப்போய் நடுங்கினார், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வழியே தெரியவில்லை. அப்போதும் பதினேழுதான்.

"ஸ்கிரீன்லயும் பதினேழுதான் காட்டுதா?" என்று கேட்டார் ஷெட் மெக்கானிக்.

"ஆமா."

"அது எஞ்சின் குடிச்ச அளவுப்பா. டேங்குலேர்ந்து உறிஞ்சி எடுத்தா பலகையில குறையும், ஸ்கிரீன்ல குறையாது. பழைய நாளெல்லாம் அதுலயே இருக்கே, அமுக்கிப் பாரு."

எட்டு மாதமாக அந்தத் திரையைப் பார்த்து மார்தட்டிக்கொண்டவன், அந்தப் பொத்தானை அமுக்கியதே இல்லை. அமுக்கினான். சின்னவன் ஓட்டிய காலைகள் வரிசையாக வந்தன. இருபத்தொன்று, பத்தொன்பது, பதினாறு. பலகையில் இருந்த அதே எண்கள். அடிப்பதற்கு முன்னால் விரலால் ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும்.

நேரே மேனேஜரிடம் போனான். அங்கே ஏற்கனவே அவருடைய ஆட்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"குடும்பமே திருட்டுக் குடும்பமா?" என்றார் மேனேஜர்.

"குளிரு சார். எஞ்சின் நிக்கவே மாட்டேங்குது. ஸ்கிரீன்ல..."

அடி வாயில் விழுந்தது. அடுத்தது விலாவில். அவன் திருப்பி அடித்திருந்தால் அந்த இரண்டு பேரும் தாங்கியிருக்க மாட்டார்கள். அடிக்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, உதட்டில் ரத்தத்தோடு மச்சினன் அறைக்குப் போனான்.

மனைவிதான் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னவன் இடது கையால் தடுமாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பு என்மேலதான்," என்றான் பூங்கால். "அவன் திருடல. குளிருதான். எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கு."

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். யார் அடித்தார்கள் என்று கேட்கவில்லை.

"அவன் திருடியிருந்தா?" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

"திருடியிருந்தா அந்தக் கதவை ரெண்டாவது தடவை சாத்தினது சரியா? அதை மட்டும் சொல்லுங்க, இப்பவே பையை எடுத்துட்டு உங்ககூட வரேன்."

சரிதான் என்ற பதில் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். பத்து வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதைக் காதால் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். சத்தமே வராமல், மெதுவாகத்தான் சாத்தினாள்.