மதினியின் ரத்தம் ஒளிரவில்லை

எங்கள் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்கும் கறுப்புத் துணிக்குள் ஒரு காலத்தில் தலையை நுழைத்துக்கொண்டுதான் நான் சம்பளம் வாங்கினேன். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடிகிற சமயம். ஓசூரில் ரத்தம் சோதிக்கும் கருவி ஒன்றைச் செய்யப் பார்த்த சின்ன லேப். பென்சில் கரியை ஓர் அணு கனத்துக்கு உரித்தெடுத்த தகடுகளை மின்முனைமேல் பூசுவோம். அதில் ஒரு சொட்டு ரத்தமும் கரைசலும் விட்டு மின்சாரம் கொடுத்தால் மங்கலாக நீல வெளிச்சம் வரும். நரம்புகளுக்குத் தேவையான ஒரு நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு வெளிச்சம். பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் நொதி முடங்கிவிடும், வெளிச்சமும் அவிந்துவிடும். கருவி எண் காட்டும். ஆனாலும் எங்கள் சாருக்கு யாராவது துணிக்குள் குனிந்து கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் திருப்தி.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? லேப்புக்கு யாருடைய சொந்தக்காரர் வந்தாலும் விரலை நீட்டச் சொல்லி, புட்டியில் ‘நார்மல்’ என்று ஒட்டிவிடுவோம். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரைக்கூட விட்டதில்லை. நல்லா நடந்து வந்தாரா, அப்படியென்றால் அவர் நார்மல்!

அன்று மதியம் எனக்குச் சோறு கொண்டுவந்த மதினியும் மாட்டினாள். மதினி என்றால் அண்ணன் மனைவி, எங்கள் விருதுநகர்ப் பக்கத்து வழக்கு. அவள் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரி. என்னைவிட இளையவள், ஆனாலும் என்னைப் பாப்பா என்பாள். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறவள்தானே, மருந்தடிக்கிறவள் இல்லையே என்று எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. விரலில் குத்தி எடுத்தோம். துணிக்குள் குனிந்தேன். கும்மிருட்டு.

“தகடு உரிஞ்சிருக்கும், வேற போடும்மா” என்றார் சார். வேறு போட்டேன். இருட்டு. சந்தேகத்துக்கு என் ரத்தத்தையே விட்டுப் பார்த்தேன். நீலம் பளிச்சென்று வந்தது. திரும்பவும் மதினியின் ரத்தம், திரும்பவும் இருட்டு. சார் அப்போதும் கரைசலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சிலிருந்து மதினியின் குரல் கேட்டது: “ஏன் பாப்பா, கரண்ட் போயிடுச்சா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வராந்தா முழுக்க உச்சி வெயில், அவள் கண்ணுக்கு மட்டும் இருட்டு. அவளுக்கு வேர்த்து ஊற்றியது, வாயோரம் எச்சில் வடிந்தது, கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது. “மதினி, பண்ணையில மருந்து யாரு அடிச்சது?”

“மருந்தடிக்கிற ஆளு வரல. ரெண்டு நாளா நான்தான் அடிக்கறேன். ஏன், என்னா ஆச்சு?”

சாரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். என் மடியில் அவள் மூச்சுக்குத் திணறினாள். ஐயோ, அந்தப் பயத்தை என்னவென்று சொல்ல! ஷிப்டில் இருக்கும் அண்ணனிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. ஊசி மேல் ஊசி போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

தேறி வந்தபின் மறுபடி சோதித்தோம். “நீயே பாரு பாப்பா, எனக்குப் பயமா இருக்குது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மட்டும் பயமில்லையாக்கும்! கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் துணிக்குள் போனேன். திறந்தபோது நீலம் இருந்தது. அழுது முடிக்கும் வரை தலையை வெளியே எடுக்கவில்லை.

லேப்பை மூடியபோது அந்தத் துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து அண்ணன் பகலில் தூங்குவதற்காக மதினி அதை ஜன்னலில் மாட்டிவிட்டாள். அறை இருண்டு கிடக்கும். ஓசூரில் கரண்ட் போவது ஒன்றும் புதிதில்லை. “பாப்பா, கரண்ட் போயிடுச்சா?” என்று அவள் அங்கிருந்து சாதாரணமாகத்தான் கேட்பாள். நான் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஃபேனை நிமிர்ந்து பார்ப்பேன். அது நின்றிருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.