மல்லிகாவின் வலது கணுக்கால்

விடியற்காலையில் மண் கோர்ட்டில் தண்ணீர் தெளித்ததும் ஒரு வாசனை எழும்பும். ஈர மண்ணோடு பழைய ரப்பர் பந்தின் வாடையும் கலந்து... என் முதல் வேலையை நினைத்தாலே இன்றும் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. நான் பாஸ்கெட்பால் கோச்சாகச் சேர்ந்தபோது இருபத்து நான்கு வயது. சிமெண்ட் தரையெல்லாம் கிடையாது, செம்மண்தான். பிராக்டிஸ் முடிந்தால் பந்து, சாக்ஸ், என் சுடிதார் ஓரம், எல்லாம் ஒரே சிவப்பு.

பிரின்சிபால் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். “மூணு வருஷம் பாப்பம்மா. ஒரு கப்பாவது வரலீன்னா அந்த எடத்துல சைக்கிள் ஸ்டாண்டு போட்டுரலாம்.”

கடைத்தெருவில் வேறு பேச்சு. “மளிகைக்கடை பாயோட பொண்ணு பந்து வெளையாடச் சொல்லிக் குடுக்குதாமா?” கடையில் என் அத்தா காதில் வாங்காத மாதிரி பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். எனக்குத்தான் உள்ளே எரியும். ஜெயித்தே ஆக வேண்டும்... அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மல்லிகா வந்தாள். மலைமேல் குண்டூர் நாடு என்ற ஊர்ப்பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கல்லூரிக்கு வரும்வரை பாஸ்கெட்பாலைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்ந்த கால்கள்! அவள் சட்டென்று திரும்பினால் தடுக்க வந்தவள் தடுமாறி நிற்பாள். இரண்டே வருடத்தில் எங்கள் ஆட்டமே அவளை நம்பித்தான் என்று ஆகிவிட்டது.

மூன்றாவது வருடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். பாதி ஆட்டம் முடியும் நேரத்தில், குதித்து இறங்கும்போது மல்லிகாவின் வலது கணுக்கால் மடங்கியது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“மேடம்... ரொம்ப வலிக்குதுங்க.”

நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன். மூன்று பாயின்ட் பின்னால் இருந்தோம். ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, “இன்னும் கொஞ்ச நேரந்தான் கண்ணு, பல்லைக் கடிச்சுக்கோ” என்றேன்.

கடித்துக்கொண்டு ஆடினாள். ஜெயித்தோம்.

கடைசி நிமிடத்தில் அதே காலில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. கோப்பையோடு நாங்கள் எடுத்துக்கொண்ட போட்டோவில் அவள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாள். தசைநார் அறுந்துவிட்டது, இனி ஓடி ஆட முடியாது என்றார் டாக்டர். லீவுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு நானே பஸ் ஏறினேன். மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் அப்பா மிளகுக்கொடிக்கு நடுவே நின்றிருந்தார். “வாங்க டீச்சர்” என்றார். அதற்குமேல் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். நான் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

“என் தப்புதாங்க. வலிக்குதுன்னு சொன்னா. நாந்தான் ஆட வெச்சேன்.”

அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “கப்பு உங்க காலேஜுல இருக்குதுங்க டீச்சர். காலு எங்க புள்ளையோடதுங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாசல் தூணைப் பிடித்து நின்றிருந்த மல்லிகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எனக்கும் ஆசைதானுங்க மேடம், ஆடுனேன். ஆனா, வலிக்குதுன்னப்ப நீங்க என் காலைப் பாக்கலீங்க. போர்டைத்தான் பாத்தீங்க.”

படிப்பையாவது முடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு எழுந்தேன். அவள் அப்பா, “அவ இஷ்டமுங்க” என்றார்.

அடுத்த வாரம் பெட்டியோடு ஹாஸ்டலில் வந்து இறங்கினாள்! பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எழுதறனுங்க. ஆனா யாருக்காச்சும் முடியலீன்னா நாஞ் சொல்லுவேன். நீங்க கேக்கோணும்” என்றாள்.

அந்த வருடக் கடைசியில் வேறொரு போட்டியின் செமி ஃபைனல். ஒரே ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். மல்லிகா பேனாவை மூடினாள். “மேடம், கவிதா நொண்டறா. வெளிய எடுங்க.” கவிதாதான் அப்போது எங்கள் பெரிய பலம். போர்டைப் பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பியது... பிடித்து நிறுத்திக்கொண்டு அவளை வெளியே எடுத்தேன்.

தோற்றோம். கவிதா அழுதுகொண்டே கத்தினாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “சரி போ, பிராக்டிஸுக்கு நேரமாச்சு” என்றார். அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது எங்களுக்கு சிந்தெடிக் கோர்ட், கூடவே வர ஒரு பிசியோதெரபிஸ்ட், எல்லாம் உண்டு. இன்றைய பெண்கள், “மேடம், முட்டி ஒரு மாதிரி இருக்கு, இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய் உட்காருகிறார்கள். கேட்க நிம்மதியாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும்... அன்று அப்படிச் சொன்ன ஒருத்திக்குக் கேட்கிற காது என்னிடம் இல்லையே.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். மல்லிகா அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினோம். இறக்கத்தில் இன்றும் அவளுக்கு அந்தக் கால் சரியாக ஊன்றாது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஹார்ன் சத்தம் கேட்டதும் என் நடை தானாக வேகமெடுத்தது.

“மெதுவாப் போலாமுங்க மேடம்” என்றாள். “டிரைவர் நம்ம ஊருப் பையந்தான். நிப்பான்.”

நின்றான்.