மோட்டாரில் விழுந்த மூவர்

எங்கள் அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததே இல்லை. ஆனாலும், நாற்பது வயதுக்கு மேல் அவர் கால்கள் ஏன் விழுந்தன என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் மோட்டார்தான் காரணம் என்பார்கள். எஸ்டேட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கில் பரம்பரைச் சீக்கு என்ற வாடையே படக்கூடாது என்று அத்தை கட்டிவிட்ட கதை அது. நாங்கள் மூன்று பெண்கள். கதை நன்றாக ஓடியது, மூவரும் கரையேறினோம்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இப்போது ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் என்னோடுதான் இருக்கிறார். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். கால் போனால் பிரேக் போச்சு, பிரேக் போனால் சோறு போச்சு. உடம்பு முடியாமல் வேலை நின்றுபோனால் மாதாமாதம் பணம் தரும் இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று ஈப்போ ஏஜென்ட் ஒருவரை வரச்சொன்னேன். இளவயதுக்காரர். டையும் வியர்வையுமாக வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, குடும்பத்துல யாருக்காச்சும் நரம்பு சீக்கு, தசை சீக்கு இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மைலோ கலக்கிக்கொண்டிருந்த அத்தை குறுக்கே பாய்ந்தார். டை கட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், அத்தைக்கு அது மாப்பிள்ளை வீடுதான்.

"சீக்கா? எங்க வம்சத்துல சளிகூட பிடிக்காது லா. இவ அப்பன் மோட்டார்ல விழுந்துட்டான், அவ்ளோதான்."

"விபத்துன்னா பிரச்சினை இல்ல." ஏஜென்ட் முகம் மலர்ந்தது. "அவரோட அண்ணன் தம்பி?"

"பெரியவனும் மோட்டார்தான்."

"சின்னவரு?"

அத்தை டம்ளரை ஒரு சுற்று கூடுதலாகக் கலக்கினார். "அவனும் மோட்டார்தான்."

ஏஜென்ட் பேனாவைக் கீழே வைத்தார். "அலாமாக்! மூணு பேருமா? இத எழுதுனா, அக்காவோட வேன் லைசென்ஸையே பிடுங்கிருவானுங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயமாக இருந்தது. மோட்டார் இல்லை, மூவருக்கும் ஒரே சீக்குதான் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சொன்னது நல்லதுக்கா. மறைச்சு எடுத்தா, நாளைக்கு கால் விழுந்து பணம் கேக்குறப்ப தோண்டி எடுத்துருவான், ஒண்ணும் கிடைக்காது. மரபணு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா வழி இருக்கு. இருக்குன்னு வந்தா கஷ்டம்தான்."

"ரத்தத்த பாத்துதான் தெரியணுமா?" அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தான் தினமும் பாக்குறேனே!"

"எதைப் பாக்குறீங்க?" என்றேன்.

"நீ நடக்குறத. தம்பிங்க மூணு பேருக்கும் மொதல்ல செருப்புதான் கழண்டுச்சு. கழண்டதே தெரியாம வெறுங்காலோட வீட்டுக்கு வந்தானுங்க."

தினமும் காலையில் நான் வேனில் ஏறும்வரை அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாசம் என்று நினைத்து நான் கையசைப்பேன். அவர் பதிலுக்கு அசைத்ததே இல்லை. கிழவிக்குக் கொஞ்சம் கர்வம் என்று நினைத்திருந்தேன்.

மைலோ ஆடை கட்டிவிட்டது.

"சரி, டெஸ்ட் எடு," என்றார் அத்தை கடைசியில். "எனக்கும் கண்ணு மங்கிட்டு வருது."

மறுநாள் காலை வேன் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"செருப்பு இருக்கா அத்தை?"

"இருக்கு, இருக்கு. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும், போ."

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையசைத்தார். கண் மட்டும் என் காலிலேயே இருந்தது.